பின் சீட்டுக்கு அடியில் இரண்டாவது பேட்டரி

என் காரில் இரண்டாவது பேட்டரி வைத்தது முழுக்க முழுக்க என் சொந்த யோசனை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எவனோ ஒரு மெக்கானிக் சொல்லிக்கொடுத்துத்தான் நான் அப்படிச் செய்தேன் என்று என் மனைவியின் வீட்டார் என்மேல் இரக்கப்பட்டு வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு மெக்கானிக் கிடையாது.

ஐம்பதுகளின் கடைசி வருஷங்கள் அவை. நான் முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆள். மிளகாய் மூட்டை ஏற்றும் லாரியில் வண்டி ஓட்டப் பழகி, ஒரு வக்கீல் ஓட்டிக் களைத்த கறுப்புக் காரை வாங்கிக்கொண்டு ராமநாதபுரத்துக்குக் குடிவந்திருந்தேன். அப்போது வாடகைக் காரைப் பிளஷர் என்பார்கள். ராமேஸ்வரத்தில் தீர்த்தமாடிவிட்டு ரயிலில் வந்து இறங்கும் யாத்ரிகர்களை ஸ்டேஷன் வாசலில் பிடித்து, திருப்புல்லாணி, சேதுக்கரை, தேவிபட்டினம் என்று சுற்றிக்காட்டி மறுபடி ரயிலில் ஏற்றிவிடுவது என் தொழில்.

ஸ்டேஷன் வாசலில் இன்னும் சில பிளஷர்கள் நின்றன. அதில் ஒரு காரின் சீட்டுக்கு மட்டும் சிவப்பு வெல்வெட் உறை போட்டிருந்தது. யாத்ரிகர்கள் நேராக அந்த உறையைப் பார்த்துத்தான் போவார்கள். அந்த டிரைவருக்கு ரிவர்ஸ் எடுக்கவே சரியாக வராது. நான் ஒரே மூச்சில் சந்துக்குள் பின்னால் போவேன். ஆனால் பின்னால் போவதைப் பார்த்து எந்த யாத்ரிகரும் கார் பிடிப்பதில்லை என்பது எனக்குத் தாமதமாகத்தான் விளங்கியது.

ஒருமுறை மதுரைக்குச் சவாரி போனபோது, ஒரு டாக்டரின் காருக்குள் சின்னதாக ஒரு மின்விசிறி சுற்றுவதைப் பார்த்தேன். கை வெட்டுப்படாதபடி ரப்பர் இறக்கை வைத்தது. அதைப் பார்த்தபடி நின்றதில் என் சவாரிக்காரர் என்னைத் தேடி ஒரு தெரு முழுக்க அலைந்திருக்கிறார். அடுத்த மதுரைப் பயணத்தில் அதே மாதிரி ஒன்றை வாங்கி, முன் சீட்டின் முதுகில் திருகி, காற்று நேராகப் பின் சீட்டின் நடுவில் அடிக்கும்படி வைத்தேன். விசிறியோடு நின்றிருந்தால் நான் புத்திசாலி. அதோடு ஒரு பழைய கார் ரேடியோ வந்தது. கொழும்பிலிருந்து வரும் தமிழ்ப் பாட்டு நம் கடற்கரையில் தேன் மாதிரி கேட்கும். அதற்குப் பிறகு பிள்ளையார் படத்துக்கு ஒரு சிவப்பு விளக்கு. அதற்குப் பிறகு பின் கண்ணாடியைச் சுற்றி ஒரு வரிசைக் கலர் பல்பு.

இத்தனையையும் இழுத்தது காரில் ஏற்கெனவே இருந்த ஒற்றைப் பேட்டரிதான். தேவிபட்டினத்தில் ஒருநாள் யாத்ரிகர்கள் கடலுக்குள் இறங்கி நவக்கிரகங்களைச் சுற்றி வரும்வரை நான் ரேடியோவைக் கேட்டபடி விசிறிக் காற்றில் கண்ணயர்ந்துவிட்டேன். அவர்கள் ஈரத் துணியோடு வந்தபோது பாட்டும் இல்லை, காற்றும் இல்லை, வண்டியைக் கிளப்பவும் உயிர் இல்லை. கிரக தோஷம் கழிக்க வந்த ஒரு பெரிய குடும்பம் என் காரை மணலில் தள்ளியது. அதில் ஒருவர், தோஷம் இப்போதுதான் பிடித்திருக்கிறது என்று மூச்சு வாங்கச் சொன்னார்.

அன்று வீடு திரும்பும்போது தோன்றியதுதான் அந்த யோசனை. இன்ஜினுக்கு ஒரு பேட்டரி, சொகுசுக்குத் தனியாக இன்னொரு பேட்டரி. ஓடும்போது டைனமோ இரண்டுக்கும் மின்சாரம் கொடுக்கட்டும். எதற்குப் போகவேண்டும் என்பதை ஒரு சுவிட்சால் நான் தீர்மானிப்பேன். தீர்மானிக்கும் இடத்தில் நான் இருக்கிறேன் என்பதே எனக்குப் பெரிய கிளர்ச்சியாக இருந்தது.

லாரிக்காரர் ஒருவர் கழித்துப் போட்ட பெரிய பேட்டரி ஒன்று கிடைத்தது. அதன் தலையில் இருந்த மூடிகளில் இரண்டைக் காணோம். அந்த ஓட்டைகளுக்கு மருந்துப் புட்டியின் தக்கைகளைச் சீவி அடைத்தேன். அளவு அவ்வளவு கச்சிதமாக இருந்ததில் எனக்கே பெருமை. உள்ளே இருக்கும் திராவகம் குறைவாகத் தெரிந்ததால் விளிம்புவரை ஊற்றி நிரப்பினேன். நிறைய இருந்தால் நிறைய சக்தி என்பது என் கணக்கு. டிக்கியில் யாத்ரிகர்களின் மூட்டைகளுக்கே இடம் போதாது. ஆகவே பின் சீட்டைத் தூக்கி, அதன் அடியில் நட்ட நடுவில் ஒரு மரப்பெட்டி அடித்து, பேட்டரியை அதற்குள் இறக்கினேன்.

என் மனைவி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வேலையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, அதற்குள் இருப்பது தண்ணீரா என்று கேட்டாள். ஆசிட் என்றேன்.

"ஆசிட்டு மேலயா ஆளுகள உக்கார வைக்கப் போறீக?" என்றாள்.

பெட்டியின் பலகை, அதன்மேல் சீட்டின் தேங்காய் நார், அதன்மேல் ரெக்சின் உறை என்று மூன்று தடுப்புகள் இருப்பதை விளக்கினேன். ஒரு சொட்டுக்கூட மேலே வராது என்றேன். அவள் காருக்குப் பக்கத்துக் கொடியில் கிடந்த தன் சேலையை எடுத்து, தள்ளி இருந்த கொடியில் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

சில வாரங்கள் என் யோசனை ராஜநடை நடந்தது. விசிறி சுற்றும் பிளஷர் என்று பேர் பரவியது. வடநாட்டு யாத்ரிகர்கள் திருப்புல்லாணிக் கோயில் வாசலில் இறங்க மனமில்லாமல் ஒருவர் மாற்றி ஒருவராக முறைபோட்டுத் தரிசனம் செய்தார்கள். வெல்வெட்டுக்காரர் என் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். நான் வேண்டுமென்றே சுவிட்சைத் தட்டித் தட்டிக் காட்டினேன். அந்த நாட்களில் நான் நடக்கும்போது தோள் சற்று உயர்ந்திருந்ததாக என் மனைவி பிற்பாடு சொன்னாள்.

அந்தப் பேரைக் கேட்டுத்தான் மண்டபத்துக்குப் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து ஒரு பெரியவர் என்னைத் தேடிவந்தார். மீன்பிடிக்கும் கத்தோலிக்கக் குடும்பம். தங்கை மகனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கொழும்பில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைபார்த்துவிட்டு வந்திருக்கிறார். பெண்ணுடைய ஊர் தேவிபட்டினத்துக்கு வடக்கே, கடலோரம். அங்கே மாதா கோயிலில் காலைப் பூசையோடு தாலிகட்டு. அவ்வளவு தூரம் பஸ்ஸில் போனால் மாப்பிள்ளையின் உடுப்பு கசங்கிவிடும் என்று அவருக்குக் கவலை. உடுப்புக்கு என் கார்தான் பத்திரம் என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தேன்.

விடியும் நேரத்தில் அவர்கள் வீட்டு வாசலில் நின்றேன். மாப்பிள்ளை வெளியே வந்தபோது நானே அசந்துபோனேன். கொழும்பில் தைத்த வெள்ளை டிரில் துணியில் கோட்டும் பேண்ட்டும். கோட்டு புதுப் பாணி, இடுப்புக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிட்டது. என்னைவிட இளையவர், கூச்ச சுபாவம். கேட்டாலொழிய வாய் திறக்க மாட்டார். அவர் ஜன்னலோரம் உட்காரப் போனார். நான்தான் தடுத்தேன். விசிறிக் காற்று நடுவில்தான் நன்றாக அடிக்கும், ராஜா மாதிரி நடுவில் உட்காருங்கள் என்று கையைப் பிடித்து உட்கார வைத்தேன். கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டால் கசங்காது என்று சொன்னதும் நான்தான். அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம் அது. அவருடைய அம்மா ஒரு பக்கமும் என்னைத் தேடிவந்த தாய்மாமன் ஒரு பக்கமும் உட்கார்ந்தார்கள்.

ராமநாதபுரம் வரை தார்ச்சாலை. விசிறி சுற்ற, கொழும்புப் பாட்டு ஒலிக்க, மாப்பிள்ளை முகத்தில் சிரிப்பு தெரிந்தது. கல்யாணத்தன்று சொகுசு குறையக்கூடாது என்று டைனமோவின் முழு மின்சாரத்தையும் இரண்டாவது பேட்டரிக்கே திருப்பி வைத்திருந்தேன். தேவிபட்டினம் தாண்டியதும் சாலை குண்டும் குழியுமாக மாறியது. நேரமாகிவிடக் கூடாதே என்று வேகத்தைக் குறைக்காமல் ஓட்டினேன்.

கொஞ்ச தூரத்தில் மூக்கைத் துளைக்கும் ஒரு வாடை வந்தது. தாய்மாமன் இருமினார்.

"டிரைவர் தம்பி, என்னமோ நெடி அடிக்குதே?"

"உப்பளம் பக்கத்துல இருக்குல்ல அண்ணாச்சி. காத்து அங்கன இருந்துதான் வருது" என்றேன்.

நானே நம்பித்தான் சொன்னேன். வெயில் ஏறும்போது உப்பளத்திலிருந்து ஒருவித ஆவி எழும்பும் என்று கூடவே ஒரு விளக்கமும் கொடுத்தேன். கடலிலேயே பிறந்து வளர்ந்த மனிதருக்கு உப்பைப் பற்றி நான் வகுப்பெடுத்தேன். அவரும் மரியாதைக்குத் தலையாட்டினார்.

கண்ணாடியில் பார்த்தபோது மாப்பிள்ளை நெளிந்துகொண்டிருந்தார். இப்படி ஒரு அசைவு, அப்படி ஒரு அசைவு. கல்யாண நடுக்கம் என்று எண்ணி, எல்லாருக்கும் முதலில் இப்படித்தான் இருக்கும் என்று தைரியம் சொன்னேன். என் கல்யாணத்தன்று எனக்குக் கால் நடுங்கிய கதையையும் சொன்னேன். உட்கார்ந்த இடம் ஈரமாக இருந்ததையும் அரித்ததையும் அவர் உணர்ந்துதான் இருக்கிறார். வேர்வை என்று நினைத்துக்கொண்டாராம். அம்மாவும் மாமாவும் பக்கத்தில் இருக்க, அப்படி ஒரு இடத்தில் அரிக்கிறது என்று எப்படிச் சொல்வது என்று பேசாமல் வந்தாராம். இது பிறகு தெரிந்தது.

கோயிலுக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தோம். மாப்பிள்ளை இறங்கியதும் கோட்டைப் போட்டுக்கொண்டார். கோட்டு எல்லாவற்றையும் மறைத்துவிட்டது. மேளம் கொட்டி அழைத்துப் போனார்கள். மாதா கோயில் கல்யாணத்தை அதற்கு முன் பார்த்ததில்லை என்பதால் நானும் உள்ளே போய், கதவோரம் கடைசியில் நின்றுகொண்டேன். விசிறி வைத்த கார்க்காரர் என்று என்னை யாரோ யாருக்கோ காட்டினார்கள். நான் கேட்காத மாதிரி கேட்டுக்கொண்டிருந்தேன்.

பெண் வெள்ளைச் சேலை கட்டி, தலையில் பூமுடி வைத்து, தரையைத் தொடும் நீண்ட வலைத்துணி முக்காடு போட்டிருந்தாள். பாட்டு முடிந்ததும் இருவரும் பீடத்துக்கு முன்னால் முழங்காலிட்டார்கள். அப்போது ஒரு சத்தம் கேட்டது. பழைய துணியை யாரோ கிழிப்பது போல, மெதுவாக, அவசரமில்லாமல்.

மாப்பிள்ளை தலை குனிந்தார். குட்டைக் கோட்டு மேலே ஏறியது. வெள்ளைப் பேண்ட்டின் பின்பக்கம் துணி என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. மழையில் நனைந்த அப்பளம் மாதிரி அங்கங்கே பிய்ந்து தொங்க, உள்ளே நீலக் கோடு போட்ட டிராயர் கோயில் முழுவதற்கும் தெரிந்தது. அது என்ன துணியோ, அது மட்டும் தாக்குப்பிடித்திருந்தது. அந்தத் துணிக்கு இன்றுவரை நான் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு பெண்கள் பக்கம் சேலைத் தலைப்புகள் வாய்க்குப் போயின. மாப்பிள்ளையின் அம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். அந்தக் காலத்தில் சாமியார் பீடத்தைப் பார்த்தபடிதான் பூசை வைப்பார். அவர் முதுகுக்குப் பின்னால் நடப்பது எதுவும் தெரியாமல் லத்தீனில் ஜெபித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது. காது இரண்டும் சிவந்துபோய், எழவும் முடியாமல் அசையவும் முடியாமல் கல்லாக இருந்தார். எனக்கு அந்த நெடி ஞாபகம் வந்தது. உப்பளம் ஞாபகம் வந்தது. என் வீட்டுக் கொடியில் இடம் மாறிய சேலை ஞாபகம் வந்தது. கதவு பக்கத்தில்தான் இருந்தது. ஓடிவிடலாமா என்றுகூட ஒரு நொடி பார்த்தேன்.

அதற்குள் பெண் ஒருமுறை தலையைத் திருப்பினாள். சிரிப்பு வரும் பக்கத்தைப் பார்த்தாள், பிறகு பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தாள். அவர்கள் இருவரும் அதுவரை ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள். இடது கையால் தன் முக்காட்டின் கீழ்ப்பகுதியை வாரி எடுத்தாள். வலை வீசும் வீட்டுப் பெண்தானே, ஒரே வீச்சு. முக்காடு விரிந்து மாப்பிள்ளையின் முதுகை மூடித் தரைவரை விழுந்தது. அதன் நுனியை மடித்து அவருடைய காலுக்கடியில் செருகிவிட்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி கைகளைக் குவித்துக்கொண்டாள்.

சிரிப்பு நின்றுபோனது. சாமியார் திரும்பியபோது ஒரே முக்காட்டுக்குள் இரண்டு பேர் இருப்பதைப் பார்த்து ஒரு கணம் நிதானித்தார். பிறகு தாலியை ஆசீர்வதித்துக் கொடுத்தார். எங்கேயோ ஒரு தேசத்தில் மணமக்களை ஒரே துணியால் போர்த்தும் வழக்கம் உண்டு என்று படித்திருப்பதாகவும், இந்த ஊரில் அது எப்படி வந்தது என்று தெரியவில்லை என்றும் பூசை முடிந்தபின், பூசைக்கு உதவும் கோயில்பிள்ளையிடம் சொன்னாராம்.

இருவரும் அந்த முக்காட்டோடேயே ஒட்டி நடந்து வெளியே வந்தார்கள். தாய்மாமன் நேராக என்னிடம் வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"தம்பி, எங்க புள்ள எதுல உக்காந்து வந்துச்சு?"

நான் போய்ப் பின் சீட்டைத் தூக்கினேன். தக்கைகளைக் காணவில்லை. விளிம்புவரை ஊற்றிய திராவகம் குலுங்கியும், டைனமோவின் முழு மின்சாரத்தில் சூடேறிக் கொதித்தும் பெட்டியை நிறைத்து, பலகை இடுக்கு வழியாக நாருக்குள் ஏறியிருந்தது. நடுப்பகுதி நார் கறுத்துச் சேறாகிக் கிடந்தது. ரெக்சின் தையல் எல்லாம் விட்டுப்போயிருந்தது. என் மூன்று தடுப்புகளும் வரிசையாகக் கைவிட்டிருந்தன. பெண்வீட்டு ஆட்கள் சுற்றி நின்று எட்டிப்பார்த்தார்கள். நான் முதலில் இருந்து விளக்க ஆரம்பித்தேன்: இன்ஜினுக்கு ஒரு பேட்டரி, சொகுசுக்கு ஒரு பேட்டரி.

"இதுக்குப் பேரு சொகுசா?" என்றார் தாய்மாமன். அத்தோடு என் விளக்கம் முடிந்தது.

மாப்பிள்ளையைச் சாமியாரின் அறைக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொல்லி, தேங்காய் எண்ணெய் கொடுத்தார்கள். தோல் சிவந்திருந்ததே தவிரப் புண்ணாகவில்லை. மாற்றுப் பேண்ட் கிடையாது. டிக்கியில் எனக்காக வைத்திருந்த ஒரு சலவை வேட்டி இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய்க் கதவு இடுக்கு வழியாக நீட்டினேன். உள்ளேயிருந்து ஒரு கை அதை வாங்கிக்கொண்டது. மேலே கொழும்புக் கோட்டு, கீழே என் வேட்டி என்று மாப்பிள்ளை வெளியே வந்தபோது, ராமநாதபுரத்திலிருந்து வந்திருந்த போட்டோக்காரர் அதுதான் திட்டம் போலும் என்று இருவரையும் கோயில் வாசலில் நிறுத்திவைத்துப் படம் எடுத்தார்.

விருந்து நடந்துகொண்டிருக்கும்போது நான் பேட்டரியைப் பிடுங்கி வெளியே வைத்து, கிணற்றிலிருந்து வாளி வாளியாக இறைத்துச் சீட்டையும் வண்டியையும் கழுவினேன். சாமியார் வந்து பேட்டரியைச் சுற்றிப் பார்த்தார். அந்த ஊருக்கு இன்னும் மின்சாரம் வரவில்லை. தன்னிடம் கார் பேட்டரியில் ஓடும் ரேடியோ ஒன்று சும்மா கிடப்பதாகவும், இதை விட்டுப்போக முடியுமா என்றும் கேட்டார். எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் பக்கத்தில் உட்காராதீர்கள் என்றேன்.

திரும்பும்போது சீட்டுக்குப் பதில் பலகை போட்டு, அதன்மேல் சாக்கும் பாயும் விரித்தோம். தாய்மாமன் முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் கையையே பார்த்துக்கொண்டு வந்தார். பின்னால் பெண்ணும் மாப்பிள்ளையும் அவர் அம்மாவும். வெயில் சுட்டது. பிறகு பெண் மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணே, இந்தக் காத்தாடி சுத்தாதா?"

"வேணாம்" என்றார் மாப்பிள்ளை.

அன்று முழுவதும் அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் வார்த்தை அதுதான். பெண் சிரிக்க ஆரம்பித்தாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அம்மாவுக்கும் தொற்றிக்கொண்டது. கடைசியில் மாப்பிள்ளையே சிரித்துவிட்டார். தாய்மாமன் மட்டும் தேவிபட்டினம் தாண்டும்வரை தாக்குப்பிடித்தார். பிறகு அவரும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்குவது எனக்குத் தெரிந்தது. அந்தக் காரில் சிரிக்காமல் வந்தவன் நான் ஒருவன்தான்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லிக்காட்டவில்லை. பொண்ணு முக்காட்டை எந்தக் கையால் வீசினாள் என்று மட்டும் இரண்டுமுறை கேட்டாள். மறுநாள் சீட்டுக்குப் புது நார் அடைத்து, வாய்ப்பு வந்ததே என்று சிவப்பு வெல்வெட் உறையும் தைத்துப் போட்டேன். ஸ்டேஷன் வாசலில் வெல்வெட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, கடைசியில் இங்கே வந்துவிட்டாயா என்று கேட்டார்.

அடுத்த வருஷம் அந்த மணமக்களின் குழந்தைக்கு ஞானஸ்நானம். எனக்கும் அழைப்பு வந்தது, காரோடு அல்ல, மனைவியோடு. பஸ்ஸில் போனோம். அவர்கள் வீட்டுக் கூடத்தில் அந்தக் கல்யாணப் போட்டோ மாட்டியிருந்தது. மாப்பிள்ளை நிமிர்ந்து நிற்கிறார், பெண்ணின் உதட்டில் அடக்கிய சிரிப்பு. வேட்டியின் ஓரத்தில் எங்கள் வீட்டு வண்ணான் போட்ட குறி தெளிவாகத் தெரிந்தது. என் மனைவி அதை விரலால் தொட்டுக் காட்டினாள். இந்த வேட்டியைத் திருப்பித் தரவில்லையே என்று மாப்பிள்ளை சங்கடப்பட்டார். வேண்டாம் என்றேன். மீன் குழம்பு ஊற்றிச் சாப்பாடு போட்டார்கள். நான் பாயில் உட்காரும் முன் தாய்மாமன் குனிந்து அந்த இடத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு, ஈரமில்லை, உட்காருங்க தம்பி என்றார்.